மானிட்டோபாப் பள்ளிகளில் பிரெஞ்சு மொழி: தடையும் விழாவும்

கனடாவின் மேற்குப் பகுதியிலுள்ள மானிட்டோபா மாகாணத்தின் தலைநகர் வின்னிபெக். அந்நகரின் செயிண்ட் போனிபேஸ் பகுதியில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் 'வோயாஜர் விழா' என்னும் பனிக்கால விழா நடைபெறுகிறது. பிரெஞ்சை இரண்டாம் மொழியாகக் கற்கும் பள்ளி மாணவர்கள் ஆசிரியர்களுடன் அங்கு அழைத்துவரப்படுகின்றனர். பனிச் சிற்பங்களைக் காண்பதும், பிடில் இசைக்கு ஆடுவதும், பனிமேல் ஊற்றி இறுகவைத்த மேப்பிள் பாகைக் குச்சியில் சுற்றி உண்பதும், பலவண்ண இடைக்கச்சை அணிந்து பிரெஞ்சுப் பாடல்களைப் பாடுவதும் அவர்களுக்குப் பாடத்தின் ஒரு பகுதியாகும். மொழிக்கல்வி குறித்த எழுத்துகள் இத்தகைய நிகழ்ச்சிகளை மாணவரின் ஆர்வத்தைத் தூண்டும் துணைச்செயல்களாகவே பெரும்பாலும் மதிப்பிடுகின்றன. ஆயின், எந்த மாகாணத்தில் இவ்விழா கொண்டாடப்படுகிறதோ அதே மாகாணத்தில் 1916 முதல் 1967 வரை பிரெஞ்சைப் பயிற்றுமொழியாகக் கொள்வது சட்டத்திற்குப் புறம்பானதாக இருந்தது. தடை செய்யப்பட்ட மொழி விழா மொழியான வரலாற்றையும், அவ்விழா மொழிக்கல்விக்கு எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தடையின் வரலாறு

1870இல் மானிட்டோபா கனடாவின் மாகாணமாக இணைந்தபோது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. அவர்களுள் பாதியளவினர் பிரெஞ்சு பேசினர். அவர்களிற் பெரும்பாலோர் பிரெஞ்சுத் தந்தையர்க்கும் தொல்குடித் தாயர்க்கும் தோன்றிய மரபினரான மேட்டி மக்கள். அவர்களின் தலைவரான லூயி ரியேல் (1844-1885) அமைத்த இடைக்கால அரசு நடத்திய பேச்சின் பயனாக உருவானதே 1870ஆம் ஆண்டின் மானிட்டோபாச் சட்டம். அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிற்கும் இடமளித்தது. அடுத்த இருபதாண்டுகளில் ஒண்டாரியோவிலிருந்து ஆங்கிலம் பேசுவோர் பெருமளவிற் குடியேறினர். பிரெஞ்சு பேசுவோர் சிறுபான்மையராயினர். 1890இல் மாகாண அரசு ஆங்கிலத்தை மட்டுமே ஆட்சிமொழியாக அறிவித்தது. சமயவழிப் பள்ளிகளுக்குரிய பொதுநிதியையும் நிறுத்தியது. 1897இல் ஏற்பட்ட ஓர் உடன்பாடு, வேற்றுமொழி பேசும் பத்து மாணவர்கள் உள்ள பள்ளியில் இருமொழிப் பயிற்றலுக்கு வழிசெய்தது. 1916இல் அவ்வழியும் அடைக்கப்பட்டது. பிரெஞ்சுடன் ஜெர்மன், உக்ரைனியம், போலிஷ் ஆகிய மொழிகளும் அப்போது பயிற்றுமொழித் தகுதியை இழந்தன.

அதே 1916இல் மானிட்டோபாப் பிரெஞ்சுக் கனடியர்கள் தங்களுக்கென ஒரு கல்விச் சங்கத்தை நிறுவினர். அரசுப் பாடத்திட்டத்திற்குப் புறத்தே பிரெஞ்சுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்ததும், அதனைக் கண்காணிக்கத் தம் சொந்த ஆய்வாளர்களை ஊர்ப்பள்ளிகளுக்கு அனுப்பியதும் அச்சங்கமே. அரசு ஆய்வாளர் வரும் நாளில் பிரெஞ்சு நூல்கள் மறைக்கப்பட்டன. ஆங்கில நூல்கள் மேசைமேல் வந்தன. செயிண்ட் போனிபேஸ் முதியோரின் நினைவில் இக்காட்சி இன்றளவும் திரும்பத்திரும்ப வருவது.

இச்சங்கம் 1920களில் மாணவர்க்கு ஆண்டுதோறும் பிரெஞ்சுமொழிப் போட்டிகளை நடத்தத் தொடங்கியது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. அரசுத் தேர்வில் இடம்பெறாத மொழியில் எழுதிப் பரிசு பெறுவது அன்று வெறும் போட்டியன்று. அம்மொழியைக் கற்றதற்குக் கிடைத்த ஒரே சான்று அதுவே. அப்போட்டிகளிற் பரிசுபெற்றோருள் ஒருவர் கேப்ரியேல் ருவா (1909-1983). செயிண்ட் போனிபேஸில் பிறந்த அவர் பின்னாளில் பிரெஞ்சுக் கனடிய இலக்கியத்தின் தலையாய நாவலாசிரியர்களுள் ஒருவரானார். 1930 முதல் 1937 வரை அவர் அவ்வூரின் புரோவென்சேர் பள்ளியில், வெவ்வேறு தாய்மொழிகளைக் கொண்ட குடியேறிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் பணியாற்றினார். சொந்த ஊரிலேயே தம் மொழி தாழ்வாக நோக்கப்பட்ட நிலையை, மறைவுக்குப்பின் 1984இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் விரிவாக எழுதியுள்ளார். மொழியைக் கொண்டாடுதல் என்பது மானிட்டோபாவிற் பெரும்பான்மையோர் தொடங்கிய வழக்கமன்று என்பதற்கு இப்போட்டிகளே தக்க சான்று.

பெற்றோர் தொடங்கிய கல்விமுறை

இரண்டாம் மொழிக் கல்வியின் வரலாறு கியூபெக் மாகாணத்திலிருந்து தொடங்குகிறது. மாண்ட்ரியல் அருகிலுள்ள செயிண்ட் லாம்பர்ட் ஊரின் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், பள்ளியிற் பல்லாண்டு பிரெஞ்சு கற்றும் தம் பிள்ளைகளால் அண்டைவீட்டாருடன் உரையாட இயலவில்லை என்பதைக் கண்டு 1963இல் ஒன்றுகூடினர். அவர்களின் வற்புறுத்தலால் 1965 செப்டம்பரில் மழலையர் வகுப்பொன்று முழுவதும் பிரெஞ்சிலேயே தொடங்கப்பட்டது. பிரெஞ்சை ஒரு பாடமாகக் கற்பிக்காமல், பிற பாடங்களைப் பிரெஞ்சின் வழியே கற்பிக்கும் இம்முறையை 'அமிழ்வுவழிக் கல்வி' எனலாம். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடன் ரிச்சர்ட் டக்கரும் இம்மாணவர்களை ஆண்டுதோறும் ஆய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டனர். தாய்மொழித் திறனுக்குக் குறைவு நேராமலேயே இம்மாணவர்கள் பிரெஞ்சில் வழக்கமான வகுப்பினரைவிடப் பெரிதும் முன்னேறினர் என்பது அவர்களின் முடிவு. 1965 என்னும் ஆண்டு தமிழகத்தில் மொழியின் பொருட்டு மாணவர் தெருவுக்கு வந்த ஆண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு நாட்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சிறுபான்மை மொழியை விரும்பிக் கேட்டனர் என்பது ஒப்புநோக்கத்தக்கது. எந்த மொழி திணிக்கப்படுகிறது, எந்த மொழி விரும்பப்படுகிறது என்பதில் அதிகாரமற்றோர்க்கும் அதிகாரமுடையோர்க்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து உணரலாம்.

1969இல் கனடா ஆட்சிமொழிகள் சட்டத்தை இயற்றியபின் இம்முறை விரைந்து பரவியது. 1977இல் ஆங்கிலம் பேசும் பெற்றோர் 'பிரெஞ்சுக்கான கனடியப் பெற்றோர்' என்னும் நாடளாவிய அமைப்பை நிறுவினர். பிரெஞ்சுப் பேச்சுப்போட்டிகள், கோடை முகாம்கள், இசை நிகழ்ச்சிகள் முதலியன இவ்வமைப்பின் கிளைகளால் வளர்ந்தவை. 2010களின் இடைப்பகுதியில் அமிழ்வுவழிக் கல்வி பெறும் மாணவர்கள் நாடெங்கும் 4 இலட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். மானிட்டோபாவில் 1967இல் பள்ளிநாளிற் பாதிநேரம் பிரெஞ்சிற் பயிற்றவும், 1970இல் ஆங்கிலத்திற்கு இணையான பயிற்றுமொழியாக அதனைக் கொள்ளவும் சட்டம் இடமளித்தது. சிறுபான்மையோர் ஐம்பதாண்டு கரந்து காத்த உரிமை மீண்ட அதே காலத்தில், அம்மொழியைப் பெரும்பான்மையோரும் தம் பிள்ளைகளுக்கு வேண்டினர்.

வோயாஜர் விழாவும் அதே காலத்தின் விளைவே. செயிண்ட் போனிபேஸ் நகரில் பனிக்கால விழா ஒன்று வேண்டும் எனத் தொடர்ந்து வாதாடியவர் ஜார்ஜ் ஃபொரே என்னும் காப்பீட்டு முகவர். மாகாணத்தின் நூற்றாண்டு நிறைவையொட்டி 1970இல் முதல் விழா நடந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் படகுகளில் மென்மயிர்த் தோல் வணிகப் பொருள்களைச் சுமந்து சென்ற பிரெஞ்சுக் கனடியக் கூலித் தொழிலாளரே வோயாஜர்கள். 1972இல் செயிண்ட் போனிபேஸ் வின்னிபெக் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 1976இல் ஃபொரேவுக்கு வண்டி நிறுத்தியதற்கான தண்டச்சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டது. அதனை அவர் ஏற்க மறுத்து வழக்காடினார். 1979 டிசம்பரில் உச்சநீதிமன்றம் 1890ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. விழாவை வேண்டியவரும் வழக்கைத் தொடுத்தவரும் ஒருவரே. பள்ளி மாணவர்க்கு முதலாவது செய்தி சொல்லப்படும் அளவுக்கு இரண்டாவது சொல்லப்பட்டால் நன்று.

விழாவும் வகுப்பறையும்

அமிழ்வுவழி மாணவர்களின் பிரெஞ்சில் உள்ள குறைகளை ஆய்வாளர்கள் 1980கள் தொட்டே சுட்டிவந்துள்ளனர். கேட்டலிலும் படித்தலிலும் தாய்மொழியினரை நெருங்கும் இவர்கள், பேச்சிலும் எழுத்திலும் பின்தங்குகின்றனர் எனக் கண்ட மெரில் ஸ்வெய்ன், கேட்பது மட்டும் போதாது, பேசும் கட்டாயமும் வேண்டும் என்னும் கருத்தை 1985இல் முன்வைத்தார். பிரெஞ்சில் ஒருமைக்குரிய 'த்யு' என்பதும், மதிப்பொருமைக்கும் பன்மைக்கும் பொதுவான 'வூ' என்பதும் ஏறத்தாழத் தமிழின் நீ, நீங்கள் போன்றவை. அமிழ்வுவழி மாணவர்கள் மதிப்புக்குரிய புதியவரையும் 'த்யு' என்றே விளிக்க முற்படுகின்றனர். காரணம் எளிது. வகுப்பறையில் ஆசிரியர் தனி மாணவரை 'த்யு' என்கிறார். 'வூ' என்று அவர் சொல்வது பெரும்பாலும் வகுப்பு முழுவதையும் நோக்கியே. ஆகவே அச்சொல்லை மாணவர் பன்மையாக மட்டுமே பொருள்கொள்கின்றனர். மற்றொருபுறம், கனடியப் பிரெஞ்சு இளைஞர்கள் பேச்சில் எதிர்மறைச் சொல்லின் முற்பகுதியான 'ந'வைப் பெரும்பாலும் விட்டுவிட, இம்மாணவர்கள் அதனை நூல்வழக்குப்படி பெரிதும் ஒலிக்கின்றனர். மதிப்புநடை வேண்டியவிடத்து அது இல்லை. வழக்குநடை வேண்டியவிடத்து ஏட்டுநடை வருகிறது. ஆசிரியர் ஒருவரையே அம்மொழியின் பேச்சாளராகக் கேட்டு வளர்ந்ததன் விளைவு இது.

விழாவின் கல்விப்பயன் இவ்விடத்திலேயே அளக்கப்பட வேண்டும். பாடல்கள் பயனுடையவை என்பதில் ஐயமில்லை. வோயாஜர் பாடல்கள் துடுப்பின் அசைவுக்கேற்பத் தாளம் அமைந்த தொழிற்பாடல்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கப் பிறர் திருப்பிப் பாடும் அவற்றின் அமைப்பு நம் ஏற்றப்பாட்டையும் ஓடப்பாட்டையும் அறிந்தோர்க்குப் புதியதன்று. திரும்பவரும் அடிகளால் ஒலியும் தொடரும் நாவிற் படிகின்றன. சில பேச்சுப்போட்டிகளில் உரை முடிந்தபின் நடுவர் வினா எழுப்புவர். அறிமுகமில்லாத பெரியவர்க்கு மனப்பாடத்திற்கு வெளியே விடைகூறும் கட்டாயம் மாணவர்க்கு அப்போது நேர்கிறது. வகுப்பறை தர இயலாத 'வூ'வை அவ்வினா தருகிறது. ஆனால் பிரெஞ்சு மொழிப் பண்பாடு என்னும் பெயரால் கியூபெக் பனிவிழாவின் வெண்பனி மனிதனை வரைந்து வண்ணந்தீட்டுவதில் மொழிப்பயன் மிகக் குறைவு. அதனைத் தாய்மொழியிலேயே செய்துவிடலாம், பெரும்பாலும் அவ்வாறே செய்யப்படுகிறது.

விழாக்களம் ஒன்றான ஜிப்ரால்டர் கோட்டையைக் குறித்து ஒரு செய்தி. வடமேற்குக் குழுமத்தின் மூலக்கோட்டை சிவப்பாற்றின் மேற்குக்கரையில், இரு ஆறுகள் கூடுமிடத்தில் இருந்து 1816இல் அழிக்கப்பட்டது. இன்று காணப்படுவது 1978இல் ஆற்றின் எதிர்க்கரையில், செயிண்ட் போனிபேஸில் எழுப்பிய படிவம். 1815ஆம் ஆண்டின் உடையில் நிற்கும் விளக்குநர்கள் மாணவர்களிடம் பிரெஞ்சில் உரையாடுகின்றனர். அவ்வுரையாடல் மெய்யானது, ஆனால் அது காட்டும் பிரெஞ்சு இருநூறாண்டுக்கு முற்பட்ட வணிகப்படகினரின் வாழ்வு. கரந்து படித்த 1930களின் பள்ளிச்சிறுவனும், ஆங்கிலத் தண்டச்சீட்டும் அக்கோட்டைக்குள் இல்லை. 2008 முதல் பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமை லூயி ரியேல் நாள் என மாகாண விடுமுறையாகியுள்ளது. அது விழா நாள்களை ஒட்டியே வருகிறது. செயிண்ட் போனிபேஸ் பேராலய வளாகத்திலுள்ள ரியேலின் கல்லறை விழாக்களத்திலிருந்து தொலைவிலில்லை.

பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு 1994இல் தனிப் பள்ளி நிர்வாகம் அமைந்தது. 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்தையும் உச்சநீதிமன்றத் தீர்ப்பையும் அடிப்படையாகக் கொண்டு அவர்கள் பெற்றது அது. இதனால் அம்மாணவர்களும் அமிழ்வுவழி மாணவர்களும் வெவ்வேறு பள்ளிகளிற் பயில்கின்றனர். ஆங்கிலம் பேசும் மாணவரோடு ஒரே பள்ளியில் இருந்தால் இடைவேளையின் மொழி ஆங்கிலமாகிவிடும் என்னும் சிறுபான்மையோரின் அச்சம் பட்டறிவில் விளைந்தது. அதனைக் குறுகிய நோக்கு எனல் பொருந்தாது. எனினும் ஒத்த வயதுடைய பிரெஞ்சுப் பேச்சாளர் ஒருவரை அமிழ்வுவழி மாணவர் காணும் வாய்ப்பு இதனால் அரிதாகிறது. வோயாஜர் விழா இருவகைப் பள்ளி மாணவர்க்கும் பொதுவான களம். அங்கும் ஒவ்வொரு பள்ளியும் தன் பேருந்தில் வந்து, தன் குழுவாகவே சுற்றித் திரும்புமாயின் அவ்வாய்ப்பும் வீணாகிறது. விழா அமைப்பாளரும் ஆசிரியரும் நிகழ்ச்சிநிரலை வகுக்கையில் முதலிற் கருதவேண்டியது மேப்பிள் பாகையன்று, இவ்விரு குழுவினரையும் ஒரே ஆட்டத்தில் சேர்ப்பதையே.

2016இல் மானிட்டோபாச் சட்டமன்றம் பிரெஞ்சு மொழிச் சமூகத்தின் மேம்பாட்டுக்கெனச் சட்டமொன்றை நிறைவேற்றியது. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டுமன்றி, அம்மொழியிற் சிறப்பான பற்றுடையராய் அதனை அன்றாட வாழ்வில் வழக்கமாகப் பயன்படுத்தும் பிறரும் அச்சமூகத்தினரே என அச்சட்டம் வரையறுக்கிறது. அமிழ்வுவழிக் கல்வியில் வளர்ந்தோர்க்குச் சமூகத்தின் வாயில் இவ்வாறு திறக்கப்பட்டது. வரையறையின் இரு கூறுகளுள் பற்றினை விழாக்கள் தந்துள்ளன. அன்றாடப் பயன்பாடு பள்ளி முடிந்தபின் பலரிடம் நின்றுவிடுகிறது.