தோன்றா எழுவாய்: எந்திர அறமும் நாடக மேடையும்

கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையின் முற்பகுதி இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் உதயணன் சிறைப்பட்ட கதையைத் தமிழுலகம் மறந்துவிடவில்லை. உஞ்சை வேந்தன் பிரச்சோதனன், எந்திர யானை ஒன்றைச் செய்வித்து, அதன் வயிற்றுள் வீரரை ஒளித்துக் காட்டில் நிறுத்துகிறான். யானைகளிடத்துப் பேரன்பு கொண்ட உதயணன் அதனை உயிருள்ள களிறென நம்பி அணுகுகிறான், பிடிபடுகிறான். பாசனின் வடமொழி நாடகமான பிரதிஞ்ஞா யௌகந்தராயணமும் இச்சூழ்ச்சியை ஒட்டியே தொடங்குகிறது. கதையைக் கேட்கும் எவரும் யானையைக் குற்றவாளி என்று கூறுவதில்லை. எந்திரம் பொய் சொல்லவில்லை. எந்திரத்தைக் கொண்டு பொய் சொன்னவன் வேந்தன். அவன் ஏவலால் அதனைச் செய்து கொடுத்த தச்சனுக்குப் பழியில் பங்குண்டா? உள்ளே ஒளிந்திருந்த வீரனுக்கு? இவ்வினாக்களும் உடன் எழுகின்றன.

செயற்கை நுண்ணறிவு பற்றிய அறக்கல்வி இன்று எதிர்கொள்ளும் வினாக்களும் இவையே. ஒருவருக்குக் கடன் மறுக்கப்படுகிறது. மற்றொருவரின் வேலை விண்ணப்பம் நேர்காணலுக்கு முன்னரே ஒதுக்கப்படுகிறது. காரணம் கேட்டால், கணினி அவ்வாறு முடிவு செய்தது என்னும் விடை கிடைக்கிறது. இலக்கணம் பயின்றோர் இங்கே ஒரு குறையை உடனே காண்பர். வினை இருக்கிறது, செய்தவர் வாக்கியத்தில் இல்லை. தமிழில் தோன்றா எழுவாயை வினைமுற்றின் விகுதியேனும் காட்டிக்கொடுக்கும். எந்திரத்தின் செயலிலோ அவ்விகுதியும் மறைந்துவிடுகிறது. மறைந்த எழுவாயை மேடைக்கு அழைத்து வந்து பேசவைப்பதே நாடகம் கற்பிக்கும் எந்திர அறம் என்பதை அதன் நூற்றாண்டு வரலாற்றால் நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

சொல்லின் பிறப்பு

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகம் 1920ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. 1921 சனவரி 2ஆம் நாள் ஹ்ரடெட்ஸ் க்ராலோவே நகரில் பயில்முறைக் குழுவொன்று அதனை முதலில் நடித்தது. சனவரி 25ஆம் நாள் பிராகு நகரின் தேசிய அரங்கில் முறையாக அரங்கேறியது. 'ரோபோ' என்னும் சொல் இந்நாடகத்தின் கொடை. அச்சொல் பிறந்த கதையைச் சாப்பெக் 1933ஆம் ஆண்டு நாளிதழ் ஒன்றில் எழுதினார். முதலில் இலத்தீன் சொல்லை ஒட்டி 'லபோரி' என்று பெயரிட எண்ணினாராம். அது செயற்கையாகத் தோன்றவே, ஓவியரான தமையன் யோசெப்பிடம் கேட்டிருக்கிறார். அவர் தூரிகையை வாயில் கவ்வியபடியே புதுப்பெயரை முணுமுணுத்தாராம்.

அப்பெயரின் வேர் 'ரோபோட்டா'. நிலவுடைமையாளரின் வயலில் குடியானவர் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்பை அச்சொல் குறித்தது. ஆஸ்திரியப் பேரரசில் அம்முறை 1848ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' எனக் குறிக்கப்படும் கூலியில்லா உழைப்போடு இதனை ஒப்பிடலாம். ஊழியன் இருந்தால் ஆண்டானும் இருந்தாக வேண்டும். ரோபோ என்னும் சொல்லைச் சொல்லும்போதே அதன் பின்னால் ஓர் ஆண்டான் நிற்பதை நாம் உணர்தல் வேண்டும்.

தீவில் ஒரு விசாரணை

நாடகம் ஒரு தீவுத் தொழிற்சாலையில் நிகழ்கிறது. அங்கே செய்யப்படும் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல; செயற்கை உயிர்ப்பொருளால் வார்க்கப்பட்டவை. அவற்றுக்கு உரிமை வேண்டி அத்தீவுக்கு வரும் ஹெலெனா, ரோபோப் பெண்ணொருத்தியை மனிதப் பெண்ணென்றும், தொழிற்சாலையின் இயக்குநர்களை ரோபோக்களென்றும் பிறழ உணர்கிறாள். அவையோர் நகைக்கும் இக்காட்சியிலேயே, தோற்றம் கொண்டு உயிரை அறிய இயலுமா என்னும் வினாவைச் சாப்பெக் விதைத்துவிடுகிறார்.

பின்னர் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து வீட்டைச் சூழ்கின்றன. உள்ளே அகப்பட்ட மனிதர் தமக்குள் நடத்தும் உரையாடலே நாடகத்தின் உயிர்நிலை எனலாம். இதற்கெல்லாம் யார் பொறுப்பு? உழைப்பின் இழிவிலிருந்து மனிதனை விடுவிக்கவே கனவு கண்டேன் என்கிறான் தலைமை இயக்குநன் டோமின். உலகம் மேலும் மேலும் ரோபோக்களைக் கேட்டது, தேவையே நம்மை இழுத்துச் சென்றது என்கிறான் கணக்கைக் கவனிக்கும் புஸ்மான். இரகசியமாக அவற்றின் இயல்பை மாற்றியவன் நானே என்று உடலியல் ஆய்வாளன் ஒப்புக்கொள்கிறான். அவனிடம் அதை வேண்டியவள் நான் என்கிறாள் ஹெலெனா. ஒவ்வொருவரிடத்தும் ஒரு நியாயம் இருக்கிறது. முழுக் கொடியவர் ஒருவருமில்லை. ஆயினும் உலகம் அழிகிறது. பொறுப்பு பலர் கைகளில் சிதறிக் கிடக்கும்போது, அது எவர் கையிலும் இல்லாதது போலத் தோன்றும் என்னும் உண்மையை இக்காட்சியைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடநூல் அரிது.

அவையோர் கண்டதும் காணாததும்

இந்நாடகம் 1922ஆம் ஆண்டு நியூயார்க்கிலும் 1923ஆம் ஆண்டு இலண்டனிலும் நடிக்கப்பட்டது. 1923 சூன் திங்களில் இலண்டனில் இதனைக் குறித்துப் பொது விவாதமே நடந்தது. பெர்னார்ட் ஷாவும் செஸ்டர்டனும் கலந்துகொண்டனர். பேச்சு பெரிதும் ரோபோக்களைச் சுற்றியே சென்றதைக் கண்ட சாப்பெக், அடுத்த மாதமே ஆங்கில இதழொன்றில் மறுமொழி எழுதினார். தம் அக்கறை ரோபோக்களைவிட மனிதர்களிடத்தே மிகுதி என்பதே அதன் சாரம்.

இங்கே கதையின் ஆற்றலோடு அதன் ஆபத்தும் புலனாகிறது. கிளர்ந்தெழும் எந்திரத்தின் அச்சுறுத்தும் உருவம் அவையோரை ஆட்கொண்டுவிட்டது. அதனை விற்ற மனிதன் கண்ணிலிருந்து நழுவிவிட்டான். ஆதலின் கதையைச் சொல்லி முடிப்பதோடு அறக்கல்வி முடிந்துவிடாது. திரை விழுந்தபின் எழுப்பப்படும் வினாவே கல்வி.

விதிகளால் மட்டும் இவ்வினாவைத் தீர்க்க முடியுமா? ஐசக் அசிமோவ் 1942ஆம் ஆண்டு எழுதிய கதையொன்றில் ரோபோக்களுக்கான மூன்று விதிகளை முழுமையாக வகுத்தார். அவற்றை மேற்கோள் காட்டுவோர் பலர்; அக்கதையை நினைவுகூர்வோர் சிலர். புதன் கோளில் செலீனியம் கொணர அனுப்பப்பட்ட ரோபோ, ஏவலுக்குப் பணியும் விதிக்கும் தன்னைக் காக்கும் விதிக்கும் இடையே அகப்பட்டு, ஓரிடத்தையே வட்டமிட்டு ஓடுகிறது. விதிகள் பழுதற்றவை, ஏவல் அழுத்தமின்றி இடப்பட்டது என்பதே சிக்கலின் ஊற்று. இறுதியில் ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்தே அவ்வட்டத்தை முறிக்கிறான். விதிகளைத் தந்தவரே, விதிகள் போதா என்பதையும் கதையால் காட்டிவிட்டார்.

நடிகையின் பெயர் பெற்ற நிரல்

கணினி இயலின் பிறப்பிலும் நாடகச் சாயல் உண்டு. ஆலன் டூரிங் 1950ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மறைந்திருக்கும் ஆணையும் பெண்ணையும் விடைகளைக் கொண்டே பிரித்தறியும் விளையாட்டிலிருந்து தொடங்குகிறது. பின்னர் அவ்விருவருள் ஒருவர் இடத்தில் எந்திரம் அமர்கிறது. வேடம் புனைதலே அங்குத் தேர்வாகியது.

1966ஆம் ஆண்டு யோசப் வைசன்பாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் உரையாடும் நிரல் ஒன்றை வெளியிட்டார். ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் மேட்டுக்குடிப் பேச்சைப் பயின்று நடிக்கும் பூக்காரப் பெண் எலைசாவின் பெயரையே அதற்கு இட்டார். நிரலை வழிநடத்திய விதித்தொகுதியை அவர் நாடகப் பிரதி என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தார். பயனர் சொன்னதையே வினாவாகத் திருப்பித் தரும் உளமருத்துவர் வேடம் அதற்கு வாய்த்தது. அந்நிரல் உருவாவதை அருகிருந்து கண்ட அவருடைய செயலரே, அதனோடு உரையாடத் தொடங்கியதும், அவரை அறையைவிட்டு வெளியே இருக்குமாறு கேட்டுக்கொண்டாராம். பெர்லினில் பிறந்து, நாசி ஆட்சியில் 1936ஆம் ஆண்டு குடும்பத்தோடு வெளியேறிய யூதர் வைசன்பாம். இந்நிகழ்ச்சி அவரை உலுக்கியது. கணினியால் செய்ய இயலுவனவெல்லாம் அதனிடம் ஒப்படைக்கத் தக்கனவா என்று 1976ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார். உதயணன் யானையை நம்பிய அதே இடத்தில் நாமும் நிற்கிறோம் என்பதை அவர் உணர்ந்தார் போலும்.

வகுப்பறையும் மேடையும்

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கணினி மாணவர்க்கு அறிவியல் புனைகதைகளின்வழி அறம் கற்பிக்கும் பாடம் நடத்தப்பட்டது. அதன் பட்டறிவைக் கொண்டு எமானுவேல் பர்டன், ஜூடி கோல்ட்ஸ்மித், நிக்கோலஸ் மாட்டெய் ஆகியோர் 2018ஆம் ஆண்டு கட்டுரை எழுதினர். ஈ.எம். ஃபார்ஸ்டர் 1909ஆம் ஆண்டு எழுதிய, எந்திரத்தை முழுதும் சார்ந்து வாழும் மனிதரைப் பற்றிய சிறுகதை அவர்கள் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. நடப்புச் செய்தியைத் தந்தால் மாணவர் தம் கட்சியை உடனே எடுத்துக்கொள்வர். புனைகதையோ தீர்ப்பைச் சற்றே தள்ளிவைத்து, நிலைமையை முதலில் கூர்ந்து நோக்கப் பழக்கும்.

நாடகம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. புஸ்மானை வெறுக்கும் மாணவனையே புஸ்மானாக நடிக்கச் செய்தால், அவ்வெறுப்பின் எளிமை கரைந்துவிடும். 'தேவை கேட்டது, நான் கொடுத்தேன்' என்று தன் வாயால் சொல்லிப் பார்த்தவன், நாளை ஓர் அலுவலகத்தில் அதே சொற்கள் தன் நாவில் எழும்போது ஒரு கணமேனும் தயங்குவான். அத்தயக்கத்தை அறிவுரைப் பட்டியலால் உண்டாக்க இயலாது.

'ஆர்.யு.ஆர்.' அரங்கேறி நூறாண்டு நிறைந்ததை ஒட்டி, 2021 பிப்ரவரியில் பிராகு நகரின் ஷ்வாண்டா அரங்கக் குழு, பெரும்பகுதியைக் கணினி நிரலே இயற்றிய நாடகமொன்றை இணையவழி ஒளிபரப்பியது. காட்சிகளைத் தேர்ந்து, ஒழுங்குபடுத்தி, திருத்தியோர் மனிதரே. எந்திரம் எழுதிய நாடகத்திலும் எழுவாய் மனிதராகவே நின்றனர்.

தமிழ் மேடைக்கு இப்பணி புதிதன்று. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னே வந்து நிற்கும் வேடத்தை நோக்கி, வந்திருப்பவர் யார், ஊர் என்ன, பேர் என்ன என்று கட்டியங்காரன் கேட்கிறான். பெயரைச் சொல்லாமல் எந்த வேந்தனும் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. செயற்கை நுண்ணறிவின் முன்னே நமக்குத் தேவையானவன் அக்கட்டியங்காரனே. திரைக்குப் பின்னிருந்து எந்திர யானையை ஏவுவோரைப் பெயர் சொல்ல வைக்கும் கூத்து ஒன்றை எழுதும் கடமை, பத்தாண்டுகள் நிறைவு செய்து நிற்கும் நம் இலக்கிய வட்டத்துக் கவிஞர்களுடையது.