மார்மன் சபையை விட்டு வெளியேறி உள்ளொளியைத் தேடியவர்கள்

ஒரு மதத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் எல்லோரும் நாத்திகர்களாகி விடுகிறார்களா? அல்லது இன்னொரு மதத்தில் போய்ச் சேர்ந்து விடுகிறார்களா? இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. சபை வேண்டாம், பாதிரி வேண்டாம், ஆனால் கடவுள் வேண்டும், மறு உலகம் வேண்டும், அதை எனக்கு நானே தெரிந்து கொள்கிறேன் என்று கிளம்பி விடுவது! இப்படிக் கிளம்பிய ஒரு சிறு கூட்டத்தின் கதைதான் இது. நடந்தது அமெரிக்காவின் யூட்டா பகுதியில், 1868 முதல் சுமார் பத்து வருடங்கள். வரலாற்றில் அவர்களுக்குக் காட்பியர்கள் என்று பெயர். வில்லியம் காட்பி என்ற வியாபாரியின் பெயரால் வந்தது அது.

மார்மன்கள் யார்?

காட்பியர்களைப் புரிந்து கொள்ள முதலில் மார்மன் சபையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் பல்மைரா என்ற சிற்றூரில் 1830-ல் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் 'மார்மன் புத்தகம்' என்ற நூலை வெளியிட்டார். தேவதூதர் ஒருவர் காட்டிக் கொடுத்த தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொன்னார். அதே ஆண்டு சபையும் தொடங்கியது. போன இடமெல்லாம் எதிர்ப்பு. 1844-ல் இல்லினாய் மாநிலத்தில் கார்த்தேஜ் என்ற ஊரின் சிறையில் ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. பிறகு பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் மேற்கே போய், 1847-ல் உப்பு ஏரிக்கரையில் சால்ட் லேக் சிட்டியை உருவாக்கினார்கள்.

அங்கே பிரிகாம் யங் வைத்ததுதான் சட்டம். மதம், அரசியல், விவசாயம், வியாபாரம் எல்லாவற்றிலும் அவர் சொல்தான் கடைசிச் சொல். பலதார மணத்தை 1852-ல் வெளிப்படையாகவே சபை அறிவித்தது. வெளியுலகத்தோடு தொடர்பு குறைவாக இருந்தவரை இந்த ஏற்பாடு தாக்குப் பிடித்தது. ஆனால் ரயில் வந்து கொண்டிருந்தது. 1869 மே 10-ம் தேதி யூட்டாவில் உள்ள பிராமன்டரி என்ற இடத்தில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இரண்டு தண்டவாளங்கள் இணைந்தன.

ரயிலோடு வெளியூர் வியாபாரிகளும் வருவார்கள், சபையின் பிடி தளரும் என்று பிரிகாம் யங் முன்கூட்டியே கணக்குப் போட்டார். மார்மன்கள் மார்மன்களிடம் மட்டுமே பொருள் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1868-ல் கூட்டுறவு வியாபார நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தி, மார்மன் வியாபாரிகளும் அதில் சேர வேண்டும் என்றார். சுரங்கத் தொழிலில் மக்கள் இறங்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. நிலத்தை உழுங்கள், வெள்ளியைத் தோண்டாதீர்கள் என்பதுதான் அவர் கொள்கை.

ஒரு வியாபாரியும் ஒரு எழுத்தாளரும்

வில்லியம் காட்பி 1833-ல் லண்டனில் பிறந்தவர். இளம் வயதிலேயே மார்மனாகி, 1851-ல் யூட்டா வந்து சேர்ந்தார். மருந்துக்கடை வைத்து முன்னேறி, ஊரின் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். சபையிலும் நல்ல பொறுப்பு. பிரிகாம் யங்குக்கும் வேண்டியவர். நான்கு மனைவிகள். நான்காவது மனைவி சார்லட் காப், பிரிகாம் யங்கின் மனைவியருள் ஒருவருடைய முதல் கணவரின் மகள். அதாவது சபைத் தலைவரின் வளர்ப்பு மகள்!

அவருடைய நண்பர் எலியாஸ் ஹாரிசனும் இங்கிலாந்துக்காரர்தான். கட்டிடக் கலைஞர், எழுத்தாளர். எட்வர்ட் டல்லிட்ஜ் என்ற இன்னொரு நண்பரோடு சேர்ந்து 1864-ல் ஒரு பத்திரிகை நடத்தினார், சில இதழ்களோடு நின்று போனது. பிறகு 1868-ல் காட்பியின் பண உதவியோடு 'யூட்டா மேகசின்' தொடங்கினார்.

இருவருக்கும் ஒரே சிக்கல். நம்பிக்கை உள்ளே கரைந்து கொண்டே போனது. பிரிகாம் யங்கின் அதிகாரம் மட்டும் காரணம் இல்லை. வேத நூல்கள் மீதும், கடைசியில் கடவுள் இருக்கிறாரா என்பதன் மீதுமே சந்தேகம் வந்து விட்டது. ஆனால் விட்டுவிடவும் மனமில்லை. ஏன்? கடல் கடந்து, பாலைவனம் கடந்து, சொந்த ஊரையும் உறவையும் விட்டு அந்த நம்பிக்கைக்காகத்தான் வந்தார்கள். அது பொய் என்றால், வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் பொய் என்றாகி விடாதா?

நியூயார்க் ஹோட்டல் அறை

1868 இலையுதிர் காலத்தில் இருவரும் வியாபார விஷயமாக நியூயார்க் போனார்கள். தங்கியிருந்த அறையில் இரவு நேரங்களில் உருக்கமாகப் பிரார்த்தனை செய்தார்கள். குரல்கள் பதில் சொல்லின என்று பிறகு அறிவித்தார்கள். பேசியவர்களின் பட்டியல் சுவாரசியமானது. அந்த வருடம் ஜூன் மாதம்தான் இறந்திருந்த மார்மன் தலைவர் ஹீபர் கிம்பல் பேசினாராம். ஜெர்மனியின் இயற்கை விஞ்ஞானி ஹம்போல்ட்டும் பேசினாராம்!

உண்மையில் அங்கே என்ன நடந்தது? காட்பியர்களைப் பற்றி 1998-ல் விரிவான நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ரொனால்ட் வாக்கர், அவர்கள் சார்லஸ் ஃபாஸ்டர் என்ற பிரபல மீடியத்திடம் போயிருந்தார்கள் என்று காட்டுகிறார். ஃபாஸ்டர் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற ஆள். இறந்தவர்களின் பெயர்கள் அவர் கைத்தோலில் சிவப்பு எழுத்தாகத் தோன்றும் என்பார்கள். ஏமாற்று வேலை என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இன்று இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் இது விநோதமான விஷயமே இல்லை. 1848-ல் ஹைட்ஸ்வில் என்ற ஊரில் ஃபாக்ஸ் சகோதரிகள் ஆவிகளோடு 'தட்டும் ஓசை' மூலம் பேசியதாகச் சொன்னதிலிருந்து ஆவியுலக இயக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான பேர் இறந்த பிறகு, மகனை, கணவனை இழந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதலாகவும் இருந்தது. (1888-ல் மார்கரெட் ஃபாக்ஸ், அந்த ஓசை கால்விரல் மூட்டிலிருந்து வந்தது என்று மேடையேறி ஒப்புக்கொண்டார், அடுத்த வருடமே அதை மறுத்தார் என்பது வேறு கதை.) தியோசாபிகல் சொசைட்டியும் இந்த ஆவியுலக அலையின் சூழலில்தான் 1875-ல் நியூயார்க்கில் பிறந்தது. 1882-ல் அதன் தலைமையகம் நம் சென்னை அடையாறுக்கு வந்தது.

இன்னொரு வேடிக்கை. ஹைட்ஸ்வில்லும், மார்மன் புத்தகம் வெளியான பல்மைராவும் ஒரே மாவட்டத்தில் உள்ள ஊர்கள். தேவதூதர் தரிசனமும் ஆவிகளின் ஓசையும் ஒரே மண்ணில் முளைத்தவை. காட்பிக்கும் ஹாரிசனுக்கும் இது பெரிய விடுதலையாக அமைந்தது. ஜோசப் ஸ்மித் பொய்யர் இல்லை, அவரும் ஒரு மீடியம்தான், அவருக்குக் கிடைத்தது உண்மையின் ஒரு பகுதி, அதை அவர் முழுமை என்று நினைத்துக் கொண்டார். இப்படி விளக்கிக் கொண்டால் பழைய வாழ்க்கையும் வீணாகவில்லை, புதிய வழியும் திறந்து விட்டது!

விசாரணை

ஊர் திரும்பியவர்கள் உடனே வெளியேறவில்லை. உள்ளே இருந்தபடியே சபையைத் திருத்தப் பார்த்தார்கள். பத்திரிகையில் மெல்ல மெல்ல எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு ஒளி இருக்கிறது, கடைசி நீதிபதி அதுதான், எந்த மனிதனும் இல்லை என்பது மையக் கருத்து. 1869 அக்டோபரில் யூட்டாவின் எதிர்காலம் சுரங்கத் தொழிலில்தான் இருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. பிரிகாம் யங்கின் பொறுமை அதோடு முடிந்தது.

1869 அக்டோபர் 25-ம் தேதி காட்பியும் ஹாரிசனும் சபை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு விலக்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்புக்கு எதிராகக் கை தூக்கிய ஈலை கெல்சி என்பவரும் அதே இடத்தில் விலக்கப்பட்டார். சபைத் தலைமையோடு ஒருவன் நேர்மையாகக் கருத்து வேறுபடவே முடியாதா என்ற கேள்வி எழுந்தது. மனதுக்குள் வேறுபடலாம், அதை அச்சடித்துப் பரப்பி மக்களைப் பிரிப்பதுதான் மதத் துரோகம் என்று சபையின் பத்திரிகை விளக்கம் சொன்னது.

விலக்கம் என்றால் என்ன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மார்மன் நம்பிக்கைப்படி கோயிலில் நடக்கும் திருமணம் இந்தப் பிறவியோடு முடிவதில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் மறு உலகத்திலும் ஒரே குடும்பம். சபையிலிருந்து விலக்கப்பட்டால் அந்தப் பந்தமும் அறுந்து விடுகிறது. கடையில் வியாபாரம் விழுந்ததும், தெருவில் பழைய நண்பர்கள் முகம் திருப்பியதும் இதற்கு முன்னால் சின்ன விஷயங்கள்.

அமாசா லைமனின் வீடு

இந்த இழப்பு எப்படிப்பட்டது என்பதற்கு அமாசா லைமனின் வாழ்க்கையே சாட்சி. 1813-ல் பிறந்த அவர், 1842-லேயே அப்போஸ்தலர் பதவி பெற்றவர். ஜோசப் ஸ்மித்தோடு நேரில் பழகியவர். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரை 1851-ல் உருவாக்கிய இரண்டு மார்மன் தலைவர்களில் ஒருவர். 1862-ல் ஸ்காட்லாந்தின் டன்டீ நகரில் பிரசங்கம் செய்யும்போது, மனிதன் மீட்படைய இயேசுவின் இரத்தம் சிந்தப்பட வேண்டிய அவசியமில்லை என்ற பொருளில் பேசினார். மனிதனுக்குள்ளேயே தெய்வீகம் இருக்கிறது, அதை வளர்ப்பதுதான் மீட்பு என்பது அவர் எண்ணம். அதற்காக 1867-ல் பதவி போனது. 1870-ல் காட்பியர்களோடு சேர்ந்தார், அதே வருடம் சபையிலிருந்தும் விலக்கப்பட்டார்.

லைமனுக்கு எட்டு மனைவிகள். அவர்களில் மூன்று பேர் பார்ட்ரிஜ் என்ற ஒரே குடும்பத்துச் சகோதரிகள். மூத்தவரான எலைசா சபையின் தொடக்க காலத்திலேயே பெரும் துன்பங்களைப் பார்த்தவர். கணவர் விலக்கப்பட்டதும் அவரை விட்டுப் பிரிந்தார். தங்கை கரோலினும் பிரிந்தார். லைமன் தன் வீட்டில் ஆவியுலகக் கூட்டங்கள் நடத்தினார், நாட்குறிப்பில் அவற்றைக் குறித்து வைத்தார். இறந்து போன உறவினர்களோடு பேசுவதாக அவர் நம்பிய அதே காலத்தில், உயிரோடு இருந்த மனைவிகளும் பிள்ளைகளும் தூரப் போய் விட்டார்கள். 1877-ல் ஃபில்மோர் என்ற ஊரில் அவர் இறந்தார். மூன்று வருடம் கழித்து அவர் மூத்த மகன் பிரான்சிஸ், அப்பா இழந்த அதே அப்போஸ்தலர் பதவிக்கு வந்தார்.

வளர்ச்சியும் தேய்வும்

காட்பியர்கள் 1870-ல் 'சீயோன் சபை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு லைமன் தலைவரானார். அவர்களுடைய வாரப் பத்திரிகையான 'மார்மன் டிரிப்யூன்' பிறகு 'சால்ட் லேக் டிரிப்யூன்' என்று பெயர் மாறியது. 'லிபரல் இன்ஸ்டிடியூட்' என்ற மண்டபம் கட்டினார்கள். ஆவியுலகப் பேச்சாளர்கள், சீர்திருத்தக்காரர்கள் எல்லோருக்கும் அங்கே மேடை கிடைத்தது. சார்லட் காப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் தீவிரமாக இருந்தார்.

காட்பியின் நிலைமை தர்மசங்கடமானது. அவர் பலதார மணத்தைக் கைவிட முடிவு செய்தார். ஆனால் 1870-ல் அமெரிக்கக் காங்கிரசில் மார்மன்களுக்கு எதிராகக் கடுமையான மசோதா வந்தபோது, வாஷிங்டன் போய் ஜனாதிபதி கிராண்டைச் சந்தித்து, இவ்வளவு கடுமை வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். சட்டம் வந்தால் பாதிக்கப்படப் போவது பிரிகாம் யங் மட்டுமா? ஆயிரக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் அல்லவா! மசோதா செனட்டில் நிறைவேறாமல் போனது. காட்பி பிறகு முதல் மனைவியோடு மட்டும் வாழ்ந்தார்.

இயக்கம் ஏன் நீடிக்கவில்லை? காரணம் அதன் அடிப்படையிலேயே இருந்தது. ஒவ்வொருவரின் உள்ளொளியே கடைசி நீதிபதி என்று சொன்ன பிறகு, யார் சொல்வதை யார் கேட்பது? அதிகாரம் வேண்டாம் என்று வெளியே வந்தவர்களை இன்னொரு அதிகாரத்தின் கீழ் உட்கார வைக்க முடியவில்லை. முதலில் சடங்குகள் போயின, பிறகு சீயோன் சபையும் போனது. டிரிப்யூன் 1873-ல் வெளியாட்கள் கைக்கு மாறி, மார்மன்களைக் கடுமையாகத் தாக்கும் பத்திரிகையானது. டல்லிட்ஜ் ஜோசப் ஸ்மித்தின் மகன் தலைமையில் இருந்த வேறொரு மார்மன் பிரிவில் சேர்ந்தார். 1870களின் முடிவில் காட்பியர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததாகவே சொல்ல முடியாது.

காட்பி சுரங்கத் தொழிலில் சம்பாதித்தார், இழந்தார், மீண்டும் முயன்றார். 1902-ல் இறந்தார். பழைய சபைக்குத் திரும்பவில்லை.

லைமன் விஷயத்தில் ஒரு பின்குறிப்பு உண்டு. அவர் இறந்து 32 வருடம் கழித்து, 1909-ல் சபை அவருடைய உறுப்புரிமையையும் ஆசீர்வாதங்களையும் மீட்டுக் கொடுத்தது. மார்மன் நம்பிக்கைப்படி அறுந்த குடும்பம் மறுபடி சேர்ந்து விட்டது. குடும்பத்தாருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. தன் உள்ளொளிக்காக அதையெல்லாம் விட்டுக் கொடுத்த லைமன் அதை விரும்பியிருப்பாரா? அவரைக் கேட்க வழியில்லை. ஆவிகளோடு பேச முடியும் என்று நம்புகிறவர்கள் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம்!