ஞாயிற்றுக்கிழமைக்காக ஒன்பது நாள்

மணப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தொழிலுக்குப் போகமாட்டோம். வலை கரையில் கிடக்கும், ஊர் பூசைக்குப் போகும். அது வெயில் மழை மாதிரி தானாக வருவது என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அந்த ஒரு நாளையும் கேட்டுத் தூத்துக்குடியில் ஆலைக்காரர்கள் வேலையை நிறுத்தியது பின்னால்தான் தெரிந்தது.

ஹார்வி கம்பெனியின் கோரல் மில். 1908 பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போகவில்லை. கூலியைக் கூட்டு, நேரத்தைக் குறை, ஞாயிறு விடுப்புக் கொடு என்றார்கள். சுதேசித் தலைவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. என் கண் அடுப்பின் மேல்தான் போகிறது. கடல் சீறிப் பத்து நாள் கட்டுமரம் இறக்காத வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியும், மூன்றாம் நாளே பானை காலி. வ.உ.சி. ஊரில் நிதி திரட்டினார், சிலருக்கு வேறு வேலை பிடித்துக் கொடுத்தார். அதனால்தான் ஒன்பது நாள் தாங்கினார்கள். மார்ச் 6-இல் நிர்வாகம் இறங்கி வந்தது. கல்கத்தாவில் அரவிந்தர் ‘வந்தே மாதரம்’ இதழில் இதைத் தூத்துக்குடி வெற்றி என்றே எழுதினார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. சுதேசிகளுக்கு எதிராக நின்ற வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், விஷயம் தெரிந்ததும் பாதி முகத்தோடு விட்டுவிட்டு எழுந்து போனாராம். மீதியை மழிக்க ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். தலைவர் யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற காரியமா இது?

மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கடைகள் மூடின, வண்டிகள் ஓடவில்லை. கோரல் மில்காரர்கள் மறுபடி வெளியே வந்தார்கள். இந்த முறை கூலி கேட்டு அல்ல, கைதானவர்களுக்காக.

அரசியலுக்காகத் தொழிலாளிகள் செய்த வேலைநிறுத்தம் என்றால் பம்பாயைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். திலகருக்குத் தண்டனை விழுந்ததும் அங்கே ஆறு நாள் ஆலைகள் நின்றன, லெனின்கூட எழுதினார். அது அதே ஆண்டு ஜூலை. தூத்துக்குடி மார்ச்சிலேயே நின்றிருந்தது.