கிரீடத்துக்கு உடல் இல்லை

1789 மார்ச் 18 அன்று, லண்டன் நியூகேட் சிறைச்சாலைக்கு வெளியே கேதரின் மர்ஃபி என்ற பெண்ணைக் கம்பத்தில் கட்டிக் கழுத்தை இறுக்கிக் கொன்றார்கள். பிறகு விறகடுக்கி அவரது உடலை எரித்தார்கள். கள்ள நாணயம் தயாரித்தார் என்பது அவர் மீதான குற்றம். அதே குற்றத்துக்காக அவருடைய கணவரும் அன்றைக்கே தூக்கிலிடப்பட்டார். ஆணுக்குத் தண்டனை கயிற்றோடு முடிந்தது. பெண்ணுக்குத் தீயும் தேவைப்பட்டது.

நாணயத்தில் இருப்பது அரசரின் முகம். அதைப் பொய்யாக அடிப்பவர் அரசருக்குத் துரோகம் செய்கிறார். அரச துரோகம் செய்த பெண்ணை எரிக்க வேண்டும் என்பது அன்றைய இங்கிலாந்தின் சட்டம். அக்காலக் குற்றப்பத்திரிகைகள் ‘அரசரின் அமைதிக்கும், அவருடைய கிரவுனுக்கும், கண்ணியத்துக்கும் எதிராக’ என்ற வாய்பாட்டோடு முடியும். கொள்ளையடித்தாலும் கொலை செய்தாலும் காயம்பட்டது கிரவுன்தான். ஒரு தலையணிக்கு இத்தனை பேர் எப்படிக் குற்றம் இழைக்க முடிந்தது? இந்தக் கேள்விதான் என்னை அந்தச் சொல்லின் பின்னால் போக வைத்தது.

‘கிரவுன்’ என்பதன் மூலம் லத்தீனின் ‘கொரோனா’. மாலை, வளையம் என்று பொருள். அதற்கும் முன்னே கிரேக்கத்தில் வளைந்த எதையும் குறித்த ஒரு சொல் இருக்கிறது. ரோமில் சக குடிமகனின் உயிரைப் போரில் காப்பாற்றியவனுக்கு ஓக் இலைகளால் கட்டிய கொரோனா சூட்டினார்கள். பொன்னும் மணியும் பிறகு வந்து சேர்ந்தவை. நார்மன் படையெடுப்புக்குப் பின், பிரெஞ்சு வழியாக 12ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு சும்மா இருக்கவில்லை. கிரீடம், கிரீடம் அணிந்த அரசர், அவருடைய அரசு, அரசு அடித்த நாணயம், ஒரு காகித அளவு, உச்சந்தலை, மலையின் உச்சி, மரத்தின் கிளைகளும் இலைகளும் சேர்ந்த மேற்பகுதி, பல்லின் வெளித்தெரியும் பகுதி, சிதைந்த பல்லுக்குப் போடும் உறை எனப் பரவிக்கொண்டே போனது. மூலச் சொல்லான கொரோனாவை 2020இல் உலகமே உச்சரித்தது. அந்த வைரஸைச் சுற்றியிருந்த முட்கள் நுண்ணோக்கியில் ஒளிவட்டம்போலத் தெரிந்ததால் வந்த பெயர் அது.

மொழிபெயர்ப்புத் தாள் நடத்தும்போது இந்தச் சொல்லை மாணவிகளிடம் கொடுப்பதுண்டு. தமிழில் எழுத உட்கார்ந்ததுமே அவர்கள் பிரித்தாக வேண்டும். இந்த வாக்கியத்தில் கிரீடமா, அரசரா, அரசா, உச்சியா? நம்மிடம் ‘முடி’ இருக்கிறது. அதுவும் பல பொருள் கொண்ட சொல்தான். முடியுடை மூவேந்தரின் முடியும் அதுவே, நம் தலையில் வளரும் முடியும் அதுவே. ஆனால் நம் முடி தலையை விட்டு வெகுதூரம் போகவில்லை. ‘முடி வழக்குத் தொடுத்தது’ என்று தமிழில் எழுதினால் வாசிப்பவர் சிரித்துவிடுவார். ஆங்கிலத்திலோ கிரவுன் வழக்குத் தொடுக்கும், நிலம் வைத்திருக்கும், மன்னிக்கும், தூக்கிலிடும். தலையிலிருந்து கழன்று தானே நடக்கத் தொடங்கிவிட்ட சொல் அது.

அதை நடக்க வைத்தது சட்டம். அரசர் சாவார், கிரவுன் சாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. ஒருவர் மூச்சு நின்ற கணத்திலேயே அது அடுத்தவரிடம் போய்விடும். முடிசூட்டு விழா பிறகு நடக்கும் சடங்கு மட்டுமே. ஐயத்துக்குரிய சாவுகளை விசாரிக்கும் ‘கொரோனர்’ என்ற அதிகாரியின் பெயரும் கிரவுனிலிருந்து பிறந்ததுதான். 1194இல் உருவான அந்தப் பதவியின் முதன்மையான வேலை, குற்றங்களாலும் சாவுகளாலும் அரசருக்குச் சேர வேண்டிய வருமானத்தைக் காப்பது. அரசு ஊழியர் இழைத்த தீங்குக்காகக் குடிமக்கள் கிரவுன் மீது மற்றவர் மீது தொடுப்பதுபோல நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லோரையும் தண்டிக்க முடிகிற, தன்னை எவரும் தண்டிக்க முடியாத ஓர் ஆள். அந்த ஆளுக்கு உடல் இல்லை. எனவே வலியும் இல்லை.

வலி இருந்தவர்களின் கதைக்குத் திரும்புவோம். 1351ஆம் ஆண்டின் துரோகச் சட்டம், துரோகத்தைப் பெரியது என்றும் சிறியது என்றும் பிரித்தது. அரசருக்குச் செய்வது பெரிய துரோகம். வேலையாள் எசமானரைக் கொல்வதும், மனைவி கணவனைக் கொல்வதும் சிறிய துரோகம். கணவன் மனைவியைக் கொன்றால்? அது சாதாரணக் கொலை. ஒரே வீட்டில் நடக்கும் இரண்டு சாவுகளில் ஒன்றை மட்டும் ஆட்சிக்கு எதிரான கலகமாகப் பார்த்தது சட்டம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு அரசன் இருந்தான், அவனுடைய தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரவுன் இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்? சிறியதோ பெரியதோ, துரோகத்துக்குப் பெண் பெற்ற தண்டனை தீ.

இதற்கு 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் சொன்ன விளக்கம் என்னைப் பலநாள் தூங்கவிடவில்லை. பெண்ணினத்துக்கு உரிய நாகரிகத்தைக் கருதித்தான் எரிக்கிறார்களாம். துரோகம் செய்த ஆண்களின் உடலைப்போலப் பெண்ணின் உடலைப் பொது இடத்தில் திறந்துகாட்டிச் சிதைப்பது முறையல்லவாம். மானத்தைக் காப்பாற்றுவதற்காக எரிப்பது என்ற இந்தத் தர்க்கம் எந்த நாட்டுப் பெண்ணுக்கும் அந்நியமானதல்ல. கேதரின் மர்ஃபியின் சாவுக்கு அடுத்த ஆண்டு, 1790இல், பெண்களை எரிக்கும் தண்டனையை நாடாளுமன்றம் நீக்கியது. சிறிய துரோகம் என்ற குற்றப்பிரிவு 1828வரை இருந்தது.

நாணயத்தின் கதை அங்கே முடியவில்லை. ‘கிரவுன்’ என்றே பெயர் கொண்ட நாணயமும் இங்கிலாந்தில் புழங்கியது. எட்டாம் ஹென்றி காலத்தில் 1526இல் தங்கத்தில் தொடங்கி, 1551இல் வெள்ளிக்கு வந்தது. மதிப்பு ஐந்து ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டில் நான்கில் ஒரு பங்கு. விக்டோரியா காலத்தில் அதில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. அந்தப் பெண் முக நாணயத்தை, ஆலையிலோ வீட்டு வேலையிலோ சம்பாதித்து ஒரு மனைவி கையில் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அது அவளுடையதல்ல. திருமணமான பெண்ணின் இருப்பு கணவனின் இருப்புக்குள் மூடப்பட்டது என்பது அன்றைய கோட்பாடு. அவளுடைய கூலியும் அவனுக்கே. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்று சொல்ல 1870ஆம் ஆண்டுச் சட்டமும், பிற சொத்துகளையும் அவள் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டமும் வர வேண்டியிருந்தது. விக்டோரியா 1837 முதல் 1901 வரை ஆண்டார். அந்த 63 ஆண்டுகளில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைச் சட்டம் பெண்களுக்குத் தரவில்லை. அரசியே பெண்ணுரிமைப் பேச்சை வெறுத்தவர். கிரீடம் ஒரு பெண்ணின் தலையில் இருப்பது வேறு, பெண்களிடம் அதிகாரம் இருப்பது வேறு. ‘ஒரு பெண் முதலமைச்சரானாரே, ஒரு பெண் பிரதமரானாரே, இன்னும் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு அந்த ஐந்து ஷில்லிங் நாணயத்தைக் காட்டலாம்.

கிரீடம் சூடிய பெண்களுக்கும் அது முழுதாகக் கிடைத்ததா? இங்கிலாந்தில் தன் உரிமையால் முடிசூடிய முதல் அரசி முதலாம் மேரி. 1553 அக்டோபரில் முடிசூடியவருக்காக 1554 ஏப்ரலில் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். அரசருக்குள்ள அதிகாரமெல்லாம் அரசிக்கும் உண்டு என்று அது அறிவித்தது. எந்த ஆணுக்கும் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதில்லை. 1689இல் இரண்டாம் மேரியும் அவர் கணவர் வில்லியமும் சேர்ந்து முடிசூட்டப்பட்டார்கள். இரத்த உறவால் கிரீடத்துக்கு நெருக்கமானவர் மேரி. அவருக்கென்று இரண்டாவது முடிசூட்டு நாற்காலியும் செய்தார்கள். ஆனால் ஆட்சி அதிகாரம் முழுவதையும் வில்லியம் மட்டுமே செலுத்துவார் என்று அந்த ஆண்டின் உரிமைச் சட்டம் எழுதிவைத்தது. இரண்டு தலைக்குக் கிரீடம், ஒரு தலைக்கு அதிகாரம். இங்கே அரசியைக் குறிக்கும் ‘குவீன்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பெண், மனைவி என்று பொருள். அரசனை மணந்தவள் அரசியாகிவிடுகிறாள். அரசியை மணந்த ஆல்பர்ட்டோ ஃபிலிப்போ அரசனாக்கப்படவில்லை, முடிசூட்டப்படவுமில்லை. ‘அரசன்’ என்ற சொல் மனைவியின் சொல்லைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்ற கவலைதான் அது.

கிரவுனுக்கு நம்மோடும் கணக்கு உண்டு. 1858இல் கிழக்கிந்திய கம்பெனியிடமிருந்து இந்தியா கிரவுனின் கைக்கு மாறியது. அதற்கு முன்பே அதன் முன்பணம்போல ஒரு வைரம் போய்விட்டது. பஞ்சாபின் சிறுவன் அரசர் துலீப் சிங்குக்காக ஆட்சியை நடத்தியவர் தாய் ஜிந்த் கௌர். ஆங்கிலேயர்கள் 1846 இறுதியில் அவரது பொறுப்பைப் பறித்து, அடுத்த ஆண்டு மகனிடமிருந்தும் பிரித்தார்கள். தாய் அருகில் இல்லாத அந்தப் பத்து வயதுப் பிள்ளையிடம் 1849இல் பெற்ற ஒப்பந்தம், நாட்டோடு கோஹினூர் வைரத்தையும் விக்டோரியாவுக்கு எழுதிவைத்தது. தாயும் மகனும் மறுபடி சந்தித்தது 1861இல், கல்கத்தாவில். அதற்குள் ஜிந்த் கௌரின் பார்வை மங்கிப்போயிருந்தது. ஆணுக்கு ஆகாது என்ற நம்பிக்கை ஒட்டிக்கொண்ட அந்த வைரம் 1902, 1911, 1937 ஆகிய ஆண்டுகளில் அரசர்களின் மனைவியருக்கான கிரீடங்களில் ஏறியது. ஒரு தாயிடமிருந்து பறித்ததை மற்றப் பெண்களின் தலையில் வைத்து அழகு பார்த்தார்கள். அதே ஆங்கிலத்தின் பேச்சுவழக்கில் ‘கிரவுன் நகைகள்’ என்பது ஆணுறுப்பைக் குறிக்கும் கேலிச்சொல்லும்கூட. மொழி தன் இரகசியத்தைச் சிலசமயம் கேலியில் உளறிவிடும்.

மகள் மூத்தவளாக இருந்தாலும் மகனுக்கே முதலிடம் என்ற வாரிசு விதி மாறியது அண்மையில்தான். 2013இல் இயற்றிய சட்டம் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதனால் இளவரசர் வில்லியமின் மகள் சார்லட், தனக்குப் பின் பிறந்த தம்பிக்கு முன்னால் நிற்கிறார். பெரும்பாலான பிரபுப் பட்டங்கள் இன்னும் ஆண்வழியிலேயே போகின்றன.

அகராதியின் வரிசையில் கடைசியாக, சில அகராதிகளில் இல்லாமலே போகும் ஒரு பொருளுக்கு வருகிறேன். பிரசவத்தில் குழந்தைத் தலையின் அகன்ற பகுதி யோனி வாயிலுக்கு வந்து, வலி தணியும்போதும் உள்ளே திரும்பாமல் நிற்கும் கணத்தை ஆங்கிலத்தில் ‘கிரவுனிங்’ என்பார்கள். நம் மருத்துவச்சிகள் ‘தலை தெரியுது’ என்பார்கள். தாயின் உடல் விரிந்து குழந்தையின் உச்சியைச் சுற்றி வளையமாக நிற்கிறது. வளையம், மாலை என்ற மூலப்பொருளுக்கு இத்தனை அருகில் வரும் வேறு பயன்பாடு இல்லை.

இந்தக் கிரவுனையும் அந்தக் கிரவுன் விட்டுவைக்கவில்லை. 1688 ஜூனில் இரண்டாம் ஜேம்ஸின் மனைவி, மொடேனாவின் மேரி, டஜன்கணக்கானோர் கூடியிருந்த அறையில் ஆண் குழந்தை பெற்றார். அப்படியும், படுக்கையைச் சூடாக்கும் மூடிபோட்ட சட்டிக்குள் வைத்து வேறொரு குழந்தையைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. அரசர் அவையைக் கூட்டிச் சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. பெற்றவளின் சொல் மட்டும் சாட்சியாகவில்லை. அரச வாரிசு பிறக்கும்போது உள்துறை அமைச்சர் அருகில் வந்து காத்திருக்கும் வழக்கம் 1948இல்தான் கைவிடப்பட்டது.

விக்டோரியா 1840க்கும் 1857க்கும் இடையில் ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். 1853 ஏப்ரலில் எட்டாவது பிரசவத்தின்போது மருத்துவர் ஜான் ஸ்னோ கொடுத்த குளோரோஃபார்மை அவர் கைக்குட்டையிலிருந்து முகர்ந்தார். வலி குறைந்ததில் அவருக்கு நிம்மதி. அரசியே ஏற்றுக்கொண்டதால் மற்றப் பெண்களுக்கும் அதைக் கேட்பது எளிதாயிற்று. அவர் ஆட்சிக் காலத்தில் பெண்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட செயல்களில் இதை முக்கியமானதாக நான் நினைக்கிறேன். அது சிம்மாசனத்தில் அமர்ந்து போட்ட ஆணை இல்லை. படுக்கையில் கிடந்தபடி, வலிக்கிறது என்று ஓர் உடல் சொன்னது. உடலற்ற கிரவுனால் ஒருநாளும் சொல்ல முடியாத வாக்கியம் அது.