கலத்தின் சான்று

புறநானூற்றின் 56ஆம் பாடலில், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அம்மன்னன் நாள்தோறும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்பது அவ்வாழ்த்து. வையை கடலொடு கலக்கும் அழகன்குளத்து அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டமையால், யவன வாணிகம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆயின், ஒரு கலத்துள் இருந்தது எது என்பதை உரைக்க வல்லது வேதியியல் ஒன்றே.

துருக்கி நாட்டுக் கோர்டியனில் 1957ஆம் ஆண்டு பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்து ரோட்னி யங் ஓர் அரச கல்லறையைத் திறந்தார். மைதாஸ் மன்னனின் மரபுக்கு உரியதெனக் கருதப்படும் அக்கல்லறை கி.மு. எட்டாம் நூற்றாண்டினது. அங்கிருந்த வெண்கலக் கலங்களின் அடியில் ஒட்டியிருந்த வண்டலை அவர் குழுவினர் கழுவி எறிந்துவிடவில்லை. தாளுறைகளிற் சேமித்து வைத்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்துப் பாட்ரிக் மெக்கவர்ன் அதனை அகச்சிவப்பு நிறமாலையாலும் வண்ணப்பிரிகை முறையாலும் ஆராய்ந்தார். டார்டாரிக் அமிலம் திராட்சை மதுவையும், கால்சியம் ஆக்சலேட் பார்லிக் கள்ளையும், தேன்மெழுகின் கூறுகள் தேன்மதுவையும் காட்டின. மூன்றும் கலந்த பானமே ஈமவிருந்தில் பரிமாறப்பட்டது என்னும் முடிவு 1999இல் வெளியாயிற்று.

இம்முறையைத் தமிழகத்தில் அப்படியே கையாளுதல் இயலாது. மேலைநாட்டில் திராட்சையின் அடையாளமாகிய டார்டாரிக் அமிலம், இங்கே புளியில் நிறைந்திருப்பது. கலத்தில் அவ்வமிலம் தென்பட்டால், அது யவனர் தேறலா, புளிக்குழம்பா, அன்றிக் கலத்தை விளக்கிய புளியா என்று எங்ஙனம் தெளிவது? தேன்மெழுகோ அத்தகைய மயக்கம் தருவதன்று. தேனால் ஆகிய நறவை அதன்வழித் தேடலாம்.

தெற்கே பொருநைக் கரையில், ஆதிச்சநல்லூர்த் தாழிகளை அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தபோது, வெண்கலக் கலங்களோடு பானைகளில் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் கிடைத்தன. ஈமத்தில் உணவு படைத்தனர் என்பதற்கு அவ்வுமியே சான்று. செம்பின் உப்புகள் நுண்ணுயிர்களை அழிப்பவை. ஆதலின், களிம்பேறிய வெண்கலத்தில் துணியிழையும் உணவுத் துகளும் நெடுங்காலம் அழியாதிருத்தல் கூடும். களிம்பு கலத்தை அரிக்கும் நோயே எனினும், அதுவே பழஞ்செய்தியின் காவலும் ஆகும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் தோன்றிய வேதியியற் கூடம் மின்பகுப்பு முறையால் படிமங்களை அந்நோயினின்று மீட்டது. உணவுக் கலங்களிலோ களிம்பை நீக்குமுன் அதன் துகளை எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

பாண்டியன் கோச்சடையனை நினைவூட்டும் கோச்சடை முதற் கீழடி வரை, வையைச் சமவெளி எங்கணும் மனைக்கும் கிணற்றுக்கும் மண் அகழப்படுகிறது. பழங்கலம் ஒன்று கிட்டினால் அதனைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளக்கச் செய்வது மக்கள் இயல்பு. அவ்வொரு செயலே பழைய அமிலத்தைக் கரைத்துப் புதிய அமிலத்தைப் பூசிவிடும். பின்னர் எந்த ஆய்வுக்கூடத்தாலும் உண்மையை மீட்க இயலாது. கலத்தை உள்மண்ணோடு அப்படியே வைத்துத் தொல்லியல் துறைக்கு அறிவித்தலே முறை. சுவடியின் ஏட்டைக் கழுவத் துணியாத புலவர் வழிவந்தோர், கலத்தின் அழுக்கையும் ஏடெனப் போற்றுவாராயின், நக்கீரனார் வாக்குக்கு ஒருநாள் மற்றொரு சான்றும் வாய்க்கலாம்.