செகெட் நகரத்து முயல் தசை

கையை மடக்கினால் புஜம் திரள்கிறது. பழைய கிரேக்க, ரோமானிய மருத்துவர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். மூளையிலிருந்து நரம்பு வழியே ஒருவகை ஆவி இறங்கித் தசையை உப்ப வைக்கிறதாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா இதை நம்பியது. ஹாலந்தின் யான் ஸ்வாமர்டாம் 1660களில் ஒரு தவளையின் தொடைத்தசையை நரம்போடு எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயின் நுனியில் ஒரு சொட்டு நீரை நிறுத்தினார். நரம்பை இழுத்ததும் தசை சுருங்கியது, நீர்ச்சொட்டு மேலேறவில்லை. தசைக்குள் எதுவும் வந்து நிரம்பவில்லை என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது. ஆனால் அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1737-38இல்தான் அந்தக் குறிப்புகள் அச்சேறின.

உப்பாமல் எப்படிச் சுருங்குகிறது?

நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குக் கருவரி, வெளிர்வரி என மாறிமாறிக் குறுக்கு வரிகள் தெரிந்தன. எலும்போடு ஒட்டிய தசையிலும் இதயத்திலும் அவை உண்டு. குடல், ரத்தக்குழாய், கருப்பைச் சுவர்களின் மென்தசையில் இல்லை. வரிகள் எதற்கு என்பது மட்டும் விளங்கவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். மிளகாய்க்குப் பேர்போன ஊர் அது. அந்த மிளகாயிலிருந்தே வைட்டமின் சி-யைப் பிரித்தவர் அவர். 1937இல் நோபல் பரிசும் பெற்றிருந்தார். அவருடைய குழு முயல் தசையை அரைத்து, உப்புக் கரைசலில் ஊறவைத்து, மையோசின் என்ற புரதத்தைப் பிரித்தது. இலோனா பாங்கா ஒரு கரைசலை இரவு முழுக்க அப்படியே விட்டுவைத்தார். மறுநாள் அது கெட்டியாகிக் கிடந்தது. அதிலிருந்து இழுத்த நூல்களை ஏடிபி என்ற வேதிப்பொருளில் இட்டதும், கண்ணெதிரே அவை குறுகின. உடலுக்கு வெளியே, உயிரற்ற நூல்கள் அசைகின்றன! கெட்டியானதன் காரணத்தை 1942இல் புரூனோ ஸ்ட்ராப் கண்டுபிடித்தார்: ஆக்டின் என்ற இன்னொரு புரதம். ஒன்று மட்டும் இருந்தால் அசைவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் சுருக்கம்.

நாஜிகளுக்கு எதிராக இரகசியத் தூது சென்றதால் சென்ட்-கியோர்கி தலைமறைவாக வேண்டியிருந்தது. செகெட்டில் அச்சான ஆய்வுகளும் போர் முடியும்வரை வெளியுலகை எட்டவில்லை.

1954 மே 22. 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. மற்றது ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். முதல் இருவர் தவளையின் உயிருள்ள தசையிழையையும், மற்ற இருவர் முயல் தசையின் நுண்ணிழைகளையும் ஆராய்ந்தார்கள். முடிவு ஒன்றே. தசை சுருங்கும்போது கருவரியின் அகலம் மாறுவதில்லை; வெளிர்வரி மட்டும் குறுகுகிறது. அப்படியானால் இழைகள் எவையும் குட்டையாவதில்லை. இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதுபோல, மெல்லிய ஆக்டின் இழைகள் தடித்த மையோசின் இழைகளுக்கிடையே சறுக்கி நுழைகின்றன. வரிகளின் புதிர் அன்று அவிழ்ந்தது. கிளைத்த செல்கள் ஒன்றோடொன்று கோத்துத் துடிக்கும் இதயத்திலும் இதே சறுக்கல்தான். மென்தசையிலும் அதே இரு புரதங்கள். வரிசை கட்டி நிற்காததால் வரி தெரிவதில்லை.

ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 1963இல் நோபல் கிடைத்தது, ஆனால் நரம்பு ஆராய்ச்சிக்காக. ஹ்யூ ஹக்ஸ்லிக்குக் கிடைக்கவே இல்லை. ஜீன் ஹான்சன் 1973இல் மறைந்தார். நோபல் குழு தவறவிட்ட கண்டுபிடிப்புகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

(தொடரும்)