எல்லைக்கோடும் எஸ்டர்ஹாசி குடும்பமும்: போருக்குப் பிந்தைய உயர்குடி நிலவுடைமை

இரண்டாம் உலகப் போர் நடு ஐரோப்பிய உயர்குடியினரை வீழ்த்தியது என்பது பரவலான கருத்து. ஆயினும் அவர்களின் நிலையை இறுதியாக முடிவு செய்தவை போருக்குப் பின் இயற்றப்பட்ட சட்டங்களே என்பதை எஸ்டர்ஹாசி குடும்ப வரலாறு காட்டுகிறது. இசைமேதை ஹைடனைப் புரந்த இக்குடும்பம், ஹங்கேரியின் மிகப்பெரும் நிலக்கிழார் குடும்பங்களுள் ஒன்று.

முதல் உலகப் போரின் விளைவாக 1921-இல் மேற்கு ஹங்கேரியின் ஒரு பகுதி, புர்கன்லாந்து என்னும் பெயரில் ஆஸ்திரியாவுடன் இணைந்தது. குடும்பத்தின் ஐசன்ஸ்டாட் அரண்மனை ஆஸ்திரியாவுக்கு உரியதாயிற்று. எஸ்டர்ஹாசா அரண்மனை ஹங்கேரியில் எஞ்சியது. ஆஸ்திரியா 1919-லேயே உயர்குடிப் பட்டங்களை ஒழித்திருந்தது. எனினும் அச்சட்டம் நிலத்தைப் பறிக்கவில்லை.

ஹங்கேரியில் முதலில் பறிபோனது நிலம். அந்நாட்டில் போர் முடிவதற்கு முன்பே, 1945 மார்ச்சில், இடைக்கால அரசு நிலச்சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. போர்க்குற்றவாளிகளின் நிலம் பரப்பு நோக்காது பறிக்கப்பட்டது. ஏனைய நிலக்கிழார்களுக்குப் பரப்பே அளவுகோலாயிற்று. ஏறத்தாழ 575 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் முழுமையாகக் கையகப்படுத்தப்பட்டன. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உழவர்கள் நிலம் பெற்றனர். ஆகவே, இவ்வாணையை வெறும் பழிவாங்கலாகக் கருதுதல் பொருந்தாது. நெடுங்கால நிலமின்மைக்கு அது ஒரு விடையாகவும் அமைந்தது.

நிலத்தோடு இழப்பு நிற்கவில்லை. 1947-இல் பட்டங்கள் ஒழிக்கப்பட்டன. குடும்பத் தலைவர் பால் எஸ்டர்ஹாசி 1949-இல் கர்தினால் மின்ட்சென்டி வழக்கில் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1951-இல் புடாபெஸ்டிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் கிளைக்குடும்பத்தில் பிறந்த, பின்னாளில் எழுத்தாளரான பீட்டர் எஸ்டர்ஹாசியும் அப்போது கைக்குழந்தையாக இருந்தார். தம் தந்தை இரகசியக் காவல்துறையின் தகவலாளியாக இருந்ததை ஆவணங்களின்வழி அறிந்து, 2002-இல் அவர் நூலாக்கினார். நிலத்தைப் பறித்த காலத்தைத் தொடர்ந்து வந்த ஆட்சி, குடும்பத்தின் உள்நம்பிக்கையையும் சிதைத்தது.

எல்லைக்கு மறுபுறம் புர்கன்லாந்தும் 1955 வரை சோவியத் ஆக்கிரமிப்பில் இருந்தது. ஆனால், ஆஸ்திரியச் சட்டத்தில் குடும்பத்தின் சொத்துரிமை அழியவில்லை. 1956 எழுச்சியின்போது சிறையினின்று விடுபட்ட பால் மேற்கு நோக்கிச் சென்றார். 1989-இல் அவர் மறைந்தபின் ஆஸ்திரியச் சொத்துகள் மனைவி மெலிண்டாவைச் சேர்ந்து, பின்னர் அறக்கட்டளைகளின் பொறுப்பில் வந்தன.

இரு பகுதிகளிலும் நுழைந்த படை ஒன்றே, உடைமையாளரும் ஒருவரே. விளைவு வேறுபட்டதற்குக் காரணம் 1921-இல் வரையப்பட்ட எல்லையும், அதன் இருபுறமும் நிலவிய அரசுகளின் சட்டங்களுமே எனலாம்.